பெயிண்ட் கடையில் உட்கார்ந்து நிறம் பார்ப்பது

வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் அமைதி, மஞ்சள் என்றால் அறிவு, பச்சை என்றால் செழிப்பு, ஊதா என்றால் ஆன்மிகம். வட்டமாக, கலர் கலராக, பார்க்க அழகாகத்தான் இருக்கும். போனில் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் என் கடைக்குப் பாதிப் பேர் வருகிறார்கள். "அக்கா, பையன் இந்த வருஷம் பத்தாவது. படிப்பு நல்லா வரணும். அவன் ரூமுக்கு என்ன கலர் அடிக்கலாம்?"

மதுரையில் எங்கள் பெயிண்ட் கடை அப்பா ஆரம்பித்தது. அவர் காலத்தில் மூட்டைச் சுண்ணாம்பு, காவித்தூள், நீலப் பொட்டலம், கொஞ்சம் டிஸ்டம்பர், கேட்டுக்கு எனாமல். அவ்வளவுதான் வியாபாரம். நிறம் என்று யாரும் அதிகம் யோசித்ததில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிப்பார்கள். நீலத்தைக் கொஞ்சம் கலந்தால் பழுப்பு அடிபட்டு வெள்ளை இன்னும் வெள்ளையாகத் தெரியும். இப்போது என் கடையில் டிண்டிங் மெஷின் நிற்கிறது. பட்டனைத் தட்டினால் ஆயிரத்துக்கு மேல் நிறம் கொட்டும். நான் வேதியியல் படித்தவள் என்பதால் அந்த மெஷின் பக்கம் உட்காரும் வேலை எனக்கு வந்தது. மனுஷர்கள் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதையும், தேர்ந்தெடுத்த பிறகு புலம்புவதையும் பார்ப்பதுதான் அதிலிருந்து என் தொழில்.

நிறம் மனசை ஒன்றும் செய்யாது என்று சொன்னால் நான் கடையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். செய்யும். ஆனால் அந்த வட்டப்படம் சொல்கிற மாதிரிச் செய்யாது. எந்த நிறம் என்பதைவிட எவ்வளவு நிறம், எந்த வெளிச்சத்தில், யாருடைய கண்ணுக்கு, அந்தக் கண்ணுக்குப் பின்னால் என்ன கதை, இவைதான் கணக்கு.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். இந்தப் பக்கம் ஒரு பயிற்சி மையம். டாக்டர் படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிற இடம். பெயர் வேண்டாம். நிர்வாகி எங்கோ படித்திருக்கிறார், மஞ்சள் ஞாபகசக்தியைத் தூண்டும் என்று. வகுப்பறை நாலு சுவரும் எலுமிச்சை மஞ்சள் வேண்டும் என்றார். மேற்குப் பார்த்த அறை, பெரிய ஜன்னல், திரை கிடையாது. "சார், கார்டில் பார்ப்பது வேறு, சுவரில் வருவது வேறு. ஒரு சுவர் மட்டும் அடித்துப் பாருங்கள்" என்றேன். "ஏம்மா, வியாபாரத்தை வேண்டாம்னு சொல்ற ஒரே கடை உன் கடைதான்" என்று சிரித்துவிட்டு நாலு சுவருக்கும் வாங்கிக்கொண்டு போனார்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது, பெயிண்டர்கள் எல்லோருக்கும் தெரியும். ஷேட் கார்டில் இருக்கிற துண்டு கட்டைவிரல் அளவு. சுற்றிலும் வெள்ளை அட்டை. அதையே நாலு சுவரிலும் அடித்தால் ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவருக்குப் போகும், அங்கிருந்து திரும்பி வரும். ஒவ்வொரு முறை மோதும்போதும் அந்த நிறம் இன்னும் கொஞ்சம் ஊறும். இளம் மஞ்சள் நடு மஞ்சளாகும், இளம் ரோஸ் பஞ்சுமிட்டாயாகும். அறைக்குள் இருக்கிறவர்கள் முகத்திலும் நோட்டுப் புத்தகத்திலும்கூட அது படியும். அதோடு மதுரையின் சித்திரை மாதத்து நாலு மணி வெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும்? பிள்ளைகளுக்குக் கண் கூச்சம், தலைவலி. மத்தியான வகுப்பில் எல்லோரும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அங்கே பாடம் எடுக்கிற பெண் வந்து சொன்னார். கடைசியில் மூன்று சுவர் வெள்ளைக்கே திரும்பின. கரும்பலகைக்கு எதிர்ப்பக்கச் சுவர் மட்டும், பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால், மஞ்சளாகவே இருக்கிறது. யாரையும் அது தொந்தரவு செய்வதில்லை.

மஞ்சள் என்றால் சந்தோஷம் என்று உலகம் முழுக்க நினைக்கிறார்களா? 2019இல் ஒரு ஆய்வு வெளியானது. 55 நாடுகளில் ஆறாயிரத்துச் சொச்சம் பேரிடம் கேட்டிருக்கிறார்கள். பூமத்திய ரேகையிலிருந்து தள்ளிப் போகப் போக, மழை அதிகமாக ஆக ஆக, மஞ்சளைச் சந்தோஷத்தோடு சேர்ப்பவர்கள் கூடுகிறார்கள். ஃபின்லாந்தில் பத்தில் ஒன்பது பேருக்கு நெருக்கமாக அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். எகிப்தில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வருஷத்தில் பாதி நாள் சூரியனைக் கண்ணில் காணாதவனுக்கு மஞ்சள் என்றால் கொண்டாட்டம். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடித் தண்ணீர்த்தொட்டித் தண்ணீரில் கையைச் சுட்டுக்கொண்டவனிடம் போய் மஞ்சளைப் பற்றிக் கேட்டால் அவன் என்ன சொல்வான்? இத்தனைக்கும் நம் ஊரில் மஞ்சள் இல்லாமல் ஒரு நல்ல காரியம் கிடையாது. பத்திரிகை நாலு மூலையிலும் மஞ்சள் தடவுகிறோம், தாலிக்கயிறு மஞ்சள், புது வீட்டு நிலைப்படிக்கு மஞ்சள். மங்கலம் வேறு, ஒரு அறைக்குள் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பது வேறு.

இதே குழு 30 நாடுகளில் செய்த இன்னொரு ஆய்வு 2020இல் வந்தது. பெரும்பாலும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். கருப்பு என்றால் சோகம், சிவப்பு என்றால் காதலும் கோபமும். ஆனால் சீனாவில் வெள்ளைக்குச் சோகம் கூடுதலாக ஒட்டியிருக்கிறது, கிரேக்கத்தில் ஊதாவுக்கு. எல்லாவற்றிலும் குறைவாக உணர்ச்சியைத் தூண்டுகிற நிறம் பிரவுனாம். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கதவு, ஜன்னல், கிரில் என்று வருஷம் பூராவும் பிரவுன் எனாமல் என் கடையில் அசராமல் விற்கிறது. யாரும் அதைப் பற்றி என்னிடம் சண்டைக்கு வந்ததே கிடையாது.

சரி, ரோஸுக்கு வருவோம். இதைப் பெயிண்ட் கடைக்காரி சொல்லாமல் வேறு யார் சொல்வது?

1979இல் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் கடற்படைச் சிறை ஒன்றில் ஒரு அறைக்கு ரோஸ் அடித்தார்கள். அலெக்சாண்டர் ஷாஸ் என்கிறவர் சொன்ன யோசனை. முரட்டுக் கைதிகளை அந்த அறையில் கொஞ்ச நேரம் வைத்தால் அடங்கிவிடுகிறார்கள் என்று அறிக்கை வந்தது. சிறை அதிகாரிகள் பேக்கர், மில்லர் என்று இரண்டு பேர். அவர்கள் பெயராலேயே அந்த நிறத்துக்கு பேக்கர்-மில்லர் பிங்க் என்று பெயர் நிலைத்துவிட்டது. கலவைக் கணக்குகூட இருக்கிறது. வெள்ளை உள்சுவர் பெயிண்ட் ஒரு கேலன், அதில் வெளிப்புறச் சிவப்பு ஒரு பைன்ட். அதாவது எட்டுக்கு ஒன்று. நான் கடையில் கலந்து பார்த்தேன். நம் ஊர் பஞ்சுமிட்டாய்க் கலருக்குச் சித்தி மகள் மாதிரி ஒன்று வருகிறது. பெட்டிக்கடை, டீக்கடை, ஜூஸ் கடை என்று மதுரையில் ஏற்கெனவே பாதிக் கடைகள் அந்த நிறத்தில்தான் இருக்கின்றன. அங்கே யாரும் அடங்கிப்போய் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு பல சிறைகள், காவல் நிலையங்கள் ரோஸ் அடித்தன. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர் எதிரணி உடை மாற்றும் அறைக்கே ரோஸ் அடிக்கச் சொன்னார், எதிரணிக்கு வீரியம் குறையட்டும் என்று. பிறகு ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தார்கள். சுவிட்சர்லாந்தில் 59 கைதிகளை, ஒரு பகுதியை ரோஸ் அறையிலும் மற்றவர்களைச் சாதாரண அறையிலும் வைத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. முரட்டுத்தனத்தில் வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனால் ரோஸ் சிறைக் கதை மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன மாதம் ஒரு அம்மா வந்து, "மருமகனுக்குக் கோபம் ஜாஸ்தி, அவங்க பெட்ரூமுக்கு ரோஸ் அடிச்சா குறையுமாம்ல?" என்று கேட்டார். மருமகனிடம் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. கேட்காமல் அடித்தால் கோபம் கூடத்தான் செய்யும் என்று சொல்லிச் சந்தனக் கலர் கொடுத்து அனுப்பினேன்.

நிறத்தைவிட வெளிச்சம் மனசை அதிகம் ஆட்டுகிறது என்பது என் கட்சி. கடைக்கு ராத்திரி எட்டு மணிக்கு வந்து டியூப்லைட்டில் கார்டைப் பார்த்து முடிவு செய்துவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் காலையில் வந்து, "நீங்க கொடுத்தது வேற கலர்" என்பார்கள். அதே டின், அதே எண். டியூப்லைட்டுக்குக் கீழே சாம்பலாகத் தெரிந்தது கிழக்கு வெயிலில் லேசாக ஊதா அடிக்கும். இரண்டு துணி ஒரு விளக்கில் ஒரே நிறமாகவும் இன்னொரு விளக்கில் வேறு வேறாகவும் தெரிவதை ஜவுளி எடுக்கப் போகிற எல்லோரும் அறிவார்கள். பிளவுஸ் துணியைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு ஓடுவது அதற்குத்தானே. சேலைக்கு வாசலுக்கு ஓடுகிறவர்கள் சுவருக்கு ஓடுவதில்லை. ஐந்து வருஷம் கூடவே இருக்கப்போவது சுவர்.

இந்தியாவில் 2015இலிருந்து தெருவிளக்குகளைக் கூட்டம் கூட்டமாக எல்இடிக்கு மாற்றினார்கள். அதற்கு முன்பு எங்கள் தெருவில் சோடியம் விளக்கு. ஆரஞ்சு மஞ்சளாக எரியும். அதன் கீழே சிவப்புக் கார் பிரவுனாகவும், பச்சைச் சேலை கருப்பாகவும் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு அந்த வெளிச்சமே "போய்ப் படு" என்று சொல்கிற மாதிரி இருக்கும். எல்இடி வந்த பிறகு தெரு பளீரென்று ஆகிவிட்டது. பெண்பிள்ளைகள் டியூஷன் முடிந்து நடந்து வர அது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கள் மாடித் திண்ணையில் ராத்திரி உட்கார்ந்து பேசுகிற வழக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றே போனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கிறது என்று என் மாமியார் சொல்வார்.

அதற்குக் காரணம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பார்ப்பதற்கு உதவுகிற செல்கள் தவிர, விழித்திரையில் இன்னொரு வகைச் செல்கள் இருப்பதை 2000ஐ ஒட்டிய வருஷங்களில்தான் கண்டுபிடித்தார்கள். இவை படம் பார்ப்பதற்கு அல்ல, இது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கு. 480 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்து நீல வெளிச்சம்தான் இவற்றை அதிகமாகத் தட்டி எழுப்பும். காலையில் வானத்து நீலம் பட்டால் உடம்பு விழிக்கிறது. ராத்திரியில் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவு, எண் கூடக் கூட நீலம் கூடும்) வெள்ளை பல்பு எரிந்தால் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகிறது. நீலம் அமைதி தரும் என்று சொல்லிப் படுக்கையறைச் சுவருக்கு நீலம் அடித்துவிட்டு, மேலே பளீர் வெள்ளை பல்பை மாட்டி, கையில் போனையும் வைத்துக்கொண்டு தூக்கம் வரவில்லை என்பார்கள். சுவரை விட்டுத்தள்ளுங்கள், முதலில் பல்பை மாற்றுங்கள் என்று நான் சொல்வேன். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்ச பல்பு. அது என் கடையில் கிடையாது, பக்கத்து எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும்.

யாருடைய கண் என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அது இந்தக் கதை.

செல்லூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். குரலில் சூடு. "அக்கா, நீங்க குடுத்த பெயிண்ட் ரெண்டு மாசத்துல நிறம் மாறிடுச்சு. அப்பா ரூம் நல்லா சந்தன வெள்ளை அடிச்சோம். இப்ப நீலம் அடிக்குதுன்னு அப்பா சத்தம் போடுறார்." வெள்ளை பழுப்பாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன், பூஞ்சை பிடித்துப் பச்சையாவதைப் பார்த்திருக்கிறேன். சந்தனம் நீலமாகி நான் பார்த்ததில்லை. போய்ப் பார்த்தேன். சுவர் அப்படியே இருந்தது, கார்டை ஒட்டிப் பார்த்தால் அச்சாகப் பொருந்தியது. பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் கழற்றி வைத்த கருப்புக் கண்ணாடி. "கண்ணுக்கு என்னப்பா?" என்றேன். "புரை. போன வாரம்தான் ஆபரேஷன்."

எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் பழுப்பேறும். நீலத்தை அது உள்ளே விடாமல் நிறுத்திக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை, மூளையும் பழகிக்கொள்ளும். எழுபது வயதுக் கண் உலகத்தையே தேநீர் வடிகட்டி வழியாகப் பார்த்துக்கொண்டு அதுதான் வெள்ளை என்று நம்பிக்கொண்டிருக்கும். அந்த லென்ஸை எடுத்துவிட்டுத் தெளிவான ஒன்றை வைத்ததும் இத்தனை வருஷம் தடைபட்ட நீலம் மொத்தமாக உள்ளே கொட்டுகிறது. சில வாரம், சிலருக்குச் சில மாதம், அப்புறம் மூளை சரிசெய்துகொள்ளும். மோனே என்கிற பிரெஞ்சு ஓவியருக்கு 1923இல் புரை அறுவை சிகிச்சை நடந்தபோது, எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று அவரும் புலம்பியிருக்கிறார். அவர் காலத்தில் லென்ஸை எடுப்பதோடு சரி, மாற்று லென்ஸ் வைக்கிற வழக்கம் வரவில்லை.

மதுரைக்காரர்களுக்குப் புரை ஆபரேஷன் புதிதில்லை. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. எங்கள் தெருவிலேயே வீட்டுக்கு ஒருவர் அந்தக் கருப்புக் கண்ணாடி போட்டுத் திரிந்திருக்கிறார்கள். ஆனால் யாரும் பெயிண்ட் கடைக்காரியிடம் சண்டைக்கு வந்ததில்லை, இவர்தான் முதல்.

பெரியவரிடம் ஒரு சோதனை செய்து காட்டினேன். வலது கண்ணை மூடி இடது கண்ணால் சுவரைப் பாருங்கள் என்றேன். இடது கண்ணுக்கு ஆபரேஷன் ஆகவில்லை. பார்த்தார். கண்ணை மாற்றிப் பார்த்தார். மறுபடி மாற்றினார். மகன் ஏதோ சொல்ல வந்தான், கையைக் காட்டி நிறுத்தினார். சுவரை விட்டுவிட்டு வீட்டில் இருந்ததையெல்லாம் கண்ணை மாற்றி மாற்றிப் பார்க்க ஆரம்பித்தார். காலண்டர், தண்ணீர்க் குடம், தலையணை உறை. வாசலில் நின்றிருந்த அவர் மனைவியின் சேலையைப் பார்த்து, "இது வாடாமல்லியா? நான் மெரூன்னுல நெனச்சேன்" என்றார். "தீபாவளிக்கு நீங்க எடுத்துக் குடுத்ததுதான்" என்றார் அந்த அம்மா. எல்லோருக்கும் சிரிப்பு. நான் போனபோது இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. காபி குடித்துவிட்டு வந்தேன்.

இதிலிருந்து ஒரு பழக்கம் எனக்கு வந்துவிட்டது. வயசானவர்கள் அறைக்குப் பெயிண்ட் என்றால் நிறத்தைவிட வேறுபாட்டைக் கவனிக்கச் சொல்கிறேன். வெள்ளைச் சுவரில் வெள்ளை ஸ்விட்ச், வெளிர்நீலக் குளியலறையில் வெளிர்ப்பச்சைக் கைப்பிடி எல்லாம் அவர்கள் கண்ணுக்குக் கரைந்துவிடும். தடவித் தேடுகிறபோது வருகிற எரிச்சல் இருக்கிறதே, அது பாதி வீட்டுச் சண்டைக்குக் காரணம். வாசல் நிலைக்கு அடர் நிறம், படிக்கட்டு விளிம்பில் ஒரு கோடு. அதற்கு அரை லிட்டர் எனாமல் போதும்.

ஆபரேஷன் என்றதும் பச்சை அங்கி ஞாபகம் வருகிறது. முன்பெல்லாம் டாக்டர்கள் வெள்ளைதான் போட்டார்கள். 1914இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்கிற அறுவை சிகிச்சை நிபுணர், வெள்ளை கண்ணைக் கூசுகிறது என்று சொல்லி அறுவைக்கூடத்தை ஒரு மாதிரிக் கீரைப் பச்சைக்கு மாற்றினார். சிவப்பு ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணை வெள்ளைத் துணிக்குத் திருப்பினால் அதில் பச்சை நிழல் மிதக்கும். துணியே பச்சையாக இருந்தால் அந்த நிழல் அதில் மறைந்துவிடும், கண்ணும் ஆறும். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை விற்பனையாளர்கள் இதை எந்த ஆய்வும் இல்லாமல் செய்கிறார்கள். நாலு சிவப்புப் பட்டுச் சேலையை வரிசையாக விரித்துவிட்டு ஐந்தாவதாக ஒரு பச்சையை எடுத்துப் போடுவார்கள். அந்தப் பச்சை ஜொலிக்கும். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் அவ்வளவு ஜொலிக்காது.

பச்சை என்றால் மதுரையில் வேறு கணக்கும் உண்டு. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்று ஊரே பார்க்கும். பெட்டிக்குள் கையை விட்டு வருகிற பட்டைச் சாத்துவார்கள் என்பார்கள். பச்சை என்றால் அந்த வருஷம் மழை, விளைச்சல், ஊர் செழிக்கும். சிவப்பு என்றால் பெரிசுகள் முகம் கொஞ்சம் சுருங்கும். விடிகாலையில் ஆற்றுக்குள் லட்சக்கணக்கான பேர் நிற்க, "பச்சைடா, பச்சை" என்று முன்னாலிருந்து பின்னால் வரை அந்தச் சொல் ஓடி வரும். பார்க்க முடியாத தூரத்தில் நிற்கிறவன்கூட அதைக் கேட்டுக் கும்பிடுவான். அவன் கண்ணில் பச்சை படவே இல்லை. ஆனால் மனசு குளிர்ந்துவிட்டது. இதை எந்த வட்டப்படத்தில் போடுவது?

கருப்பும் அப்படித்தான். நல்ல நாளில் கருப்பு உடுத்தாதே என்று சொல்கிற அதே வீட்டில் கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுக்கொண்டு அப்பாவும் பிள்ளையும் கருப்பு வேட்டி கட்டுவார்கள், வீடே அதற்குப் பயபக்தியோடு நடக்கும். குழந்தைக்குக் கண்ணேறு படாமல் கன்னத்தில் வைப்பதும் கருப்பு. பெரியாரைப் படித்தவர்களுக்குக் கருப்புச் சட்டை பெருமை. எதிர்ப்புக் காட்டப் பிடிப்பது கருப்புக்கொடி. ஒரே நிறம், ஒரே ஊர். பயம், பக்தி, பாதுகாப்பு, ரோஷம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. கருப்பு சோகம் என்று உலக ஆய்வு சொல்வதை நான் மறுக்கவில்லை. எங்கள் பக்கம் அது ஒரு ஓரத்தில் இருக்கிற சங்கதி, அவ்வளவுதான்.

நிறமும் ஞாபகமும் சேர்ந்துவிட்டால் நான் என்ன சொன்னாலும் எடுபடாது. ஒரு பெண் இளம்பச்சை டிஸ்டம்பர் நிறம் வேண்டவே வேண்டாம் என்று சொல்வார், கார்டில் அந்தப் பக்கத்தைக்கூடப் புரட்ட மாட்டார். அவர் சின்ன வயதில் அம்மாவோடு மாதக்கணக்கில் இருந்த ஆஸ்பத்திரி வார்டு அந்த நிறம். இன்னொருவர் துபாயிலிருந்து வந்து சொந்த வீடு கட்டியவர். தேடித் தேடி அதே இளம்பச்சையைக் கேட்டு வாங்கினார், அவர் படித்த பள்ளிக்கூடம் அந்த நிறமாம். ஒரே எண். இரண்டு பேருக்கும் நான் பில் போட்டிருக்கிறேன்.

அதனால் இப்போதெல்லாம் "என்ன கலர் அடிக்கலாம்?" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான். ஜன்னல் எந்தத் திசை? அந்த அறையில் எந்த நேரம் அதிகம் இருப்பீர்கள்? யார் இருப்பார்கள், அவர்களிடம் கேட்டாயிற்றா? கடைசியாக, சின்ன வயதில் எந்த வீட்டில் இருக்க உங்களுக்குப் பிடித்தது? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிலர் விழிப்பார்கள், சிலர் கடையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவார்கள். கூட்ட நாளில் அதைக் கேட்பதில்லை. பிறகு இருநூறு மில்லி சாம்பிள் டப்பா ஒன்று. அதைச் சுவரில் நேரடியாக அடிக்காமல் ஒரு பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலை, மத்தியானம், விளக்குப் போட்ட பிறகு என்று அறையில் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பாதிப் பேர் செய்வதில்லை. செய்தவர்கள் திரும்பச் சண்டைக்கு வருவதில்லை.

எங்கள் வீட்டிலேயே இப்போது பஞ்சாயத்து நடக்கிறது. பன்னிரண்டாவது படிக்கிற மகளுக்கு அவள் அறை முழுக்கக் கரிச் சாம்பல் நிறம் வேண்டும். எங்கோ போட்டோவில் பார்த்திருக்கிறாள். மாமியார், "பொம்பளைப் பிள்ளை ரூமுக்கு யாராவது கருப்படிப்பாங்களா" என்று சாப்பாட்டு நேரத்தில் தினம் ஆரம்பித்துவிடுகிறார். அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் வடக்குப் பக்கம், பகலிலேயே லைட் போட வேண்டும். நாலு சுவரும் கரிச் சாம்பல் என்றால் மொத்த வெளிச்சத்தையும் அது குடித்துவிடும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அட்டையில் அடித்துக் கொடுத்துவிட்டேன். அவளே ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, கட்டில் தலைமாட்டுச் சுவர் மட்டும் போதும் என்று இறங்கி வந்திருக்கிறாள். மற்ற மூன்று சுவருக்கும் என்ன நிறம் என்பதை அப்பத்தா முடிவு செய்யட்டும் என்று ஒரு சலுகையும் கொடுத்திருக்கிறாள். மாமியார் கேட்டிருப்பது ரோஸ்.

சாம்பலும் ரோஸும் நன்றாகவே சேரும். ஆடி முடிந்ததும் பெயிண்டரை வரச் சொல்லியிருக்கிறேன்.